பின்னலைப் பிடித்துத் தூங்குகிறவன்

விமானத்தில் ஒரு குழந்தையை சிங்கப்பூர் வரை சமாளிப்பது எப்படி என்று ஸ்ரீரஞ்சனிக்கு யோசனை சொல்லாதவர்கள் மயிலாப்பூரில் மிச்சமில்லை. கலர் பென்சில் எடுத்துக்கொள் என்றாள் எதிர்வீட்டுக்காரி. மருந்து கொடுத்துத் தூங்கப் பண்ணிவிடு என்று ஆபீசில் ஒருத்தர் கூசாமல் சொன்னார். எல்லாருக்கும் அவள் நன்றாகத் தலையாட்டினாள். அவளிடம் இருந்த ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான். அது அவள் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வயது தாண்டிவிட்ட முகுந்துக்கு அம்மாவின் பின்னல் நுனி வேண்டும். அதை விரலில் சுற்றிக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டால்தான் தூக்கம். அவள் தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருக்கிற வேளையில் அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டால் போச்சு, தெருவுக்கே அழுகை கேட்கும்.

மாமனார் ஸ்ரீனிவாசராகவனுக்கு வேறு கவலை. மாமியார் காலமான பிறகு வீட்டு சாஸ்திரங்களுக்கெல்லாம் அவரே பொறுப்பாளி.

"குழந்தைக்குத் திருப்பதி மொட்டை இன்னும் ஆகலை. முடி இறக்காம கடல் தாண்டப்படாது" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"பாஸ்போர்ட்ல சுருட்டை முடியோட இருக்கான்ப்பா. போட்டோ மாதிரி இல்லைன்னா ஏர்போர்ட்ல நிறுத்திடுவா" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

அப்படியெல்லாம் நிறுத்தமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அரசாங்க உத்தியோகத்தில் தலை நரைத்த மனிதர், போட்டோ என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

நிஜமான காரணம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முகுந்த் மாதம் நிறையாமல் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தான். அந்த ஆஸ்பத்திரி நடைபாதை ஜன்னலில் நின்றால் வடபழனி கோபுரம் தெரியும். இவர்களுடையது பெருமாளைத் தவிர வேறு யாரையும் கும்பிடாத வீடு. ஆனால் அன்றைக்கு ஜன்னலில் தெரிந்தவர் முருகன்தான். 'இவனைக் கொடுத்துடு, என் முடி முழுசும் உனக்கு' என்று சொல்லிவிட்டாள். குழந்தை வீட்டுக்கு வந்தான். அப்புறம் பால், தடுப்பூசி, ஆபீஸ் என்று நாள் ஓடியது. உண்மையைச் சொன்னால், தன் முடி அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். போதாததற்கு, சுமங்கலி மொட்டை என்கிற பேச்சையே அந்த வீட்டில் எடுக்க முடியாது. வடபழனி வழியாகப் போகும்போதெல்லாம் செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். அப்படிப்பட்டவள் பிள்ளை தலையில் மட்டும் எந்த முகத்தோடு கத்தி வைப்பாள்?

சனிக்கிழமை விமானம். புதன்கிழமை முகுந்துக்கு ஜுரம் கொதித்தது.

அடையாறு டாக்டர், சாதாரண ஜுரம்தான், தணிந்ததும் தாராளமாகப் போகலாம் என்றார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார் மாமனார் போனில். ஸ்ரீரஞ்சனியும் பயந்தாள். அவர் சொன்ன காரணத்தால் அல்ல, தன் வேண்டுதலை நினைத்து. திரும்பி வரும்போது, மந்தைவெளி சிக்னலில், கணவன் ஜெயராமிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"பூமுடி குடுத்தா போறுமாமே ரஞ்சு. மூணு கொத்து கத்திரிச்சுட்டு விட்டுடுவா."

"நான் பூமுடின்னு வேண்டிக்கலை. முழுசும்னு சொன்னேன்."

"சரி, வந்தப்புறம் பண்ணிக்கோ. இப்பப் பண்ணிண்டா ப்ளைட்ல எதைப் பிடிச்சுண்டு தூங்குவான்? அப்பாவுக்கு யார் பதில் சொல்றது?"

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் முகுந்த் பின்னலைச் சுற்றிப் பிடித்தபடி அனலாகக் கிடந்தான்.

வியாழன் காலையில் ஜுரம் விட்டது. "பாத்தியா, இனிமே எதுக்கு?" என்றான் ஜெயராம். அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. அன்றைக்கும் இப்படித்தானே? பிள்ளை பிழைத்ததும் இனிமே எதுக்கு என்றுதானே இத்தனை நாள் இருந்தாள்?

வெள்ளிக்கிழமை ஜெயராம் பெட்டி வாங்க தி.நகர் போனான். முகுந்தை மாமனாரிடம் விட்டுவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று சொல்லி அவள் கிளம்பினாள்.

"பூமுடியாம்மா?" என்று கேட்டார் வடபழனி கோயிலில் முடியிறக்குகிறவர்.

"இல்லை. முழுசா."

அவர் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தார். "ஊட்ல சொல்லிக்கினு வந்தியாம்மா?"

அவள் குனிந்து உட்கார்ந்தாள். அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். பின்னல் மடியில் விழுந்ததும் அழுதாள். முடி போன துக்கம் பாதி, இத்தனை நாள் ஏமாற்றிய வெட்கம் பாதி. சந்தனம் பூசிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

மாமனார்தான் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றக் குனிந்தாள். துப்பட்டா சரிந்தது.

அவர் திட்டுவார், கத்துவார் என்று வழியெல்லாம் பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அவர் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயராமுக்கு என்னாச்சு?"

அவளுக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பதறினாள். "ஐயோ அப்பா, ஒண்ணும் ஆகலை! வேண்டுதல்ப்பா, என்னோட வேண்டுதல்!"

"பொய் சொல்லாதே. எம்புள்ளைக்கு என்னாச்சு?"

அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஜெயராமைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. அவர் கண் செல்போனைவிட்டு நகரவில்லை. மறுபடி அடித்தாள். எடு, கடங்காரா, எடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"ரஞ்சு, பெட்டிக்கு நாலு சக்கரம் வேணுமா, ரெண்டு போறுமா?" என்றது ஸ்பீக்கரில் ஜெயராமின் குரல்.

பெரியவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "நாலே வாங்கு" என்று சொல்லி வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா விட்டிருப்பேளா?"

"விட்டிருக்க மாட்டேன்." அவர் அவள் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தே பேசினார். "ஆம்படையான் போனப்புறம் எங்க அத்தை கூடத்துக்கே வரமாட்டா. சமையக்கட்டுக்குப் பின்னாடியே உக்காந்திருப்பா. அவ மொட்டைத் தலையைப் பாத்து வளர்ந்தவன் நான், ரஞ்சனி. இந்தாத்துல மறுபடி அதைப் பாக்க வேண்டாம்னு நெனச்சுண்டிருந்தேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பேச்சுச் சத்தத்தில் முகுந்த் எழுந்து வந்தான். தூக்கம் தெளியவில்லை. அவளைப் பார்த்ததும் வீறிட்டுத் தாத்தாவின் வேஷ்டியில் ஒளிந்துகொண்டான். "அம்மாடா கண்ணா" என்றாள். குரல் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. குரலுக்குரியவளைத் தேடி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அழுது ஓய்ந்து, வேறு வழியில்லாமல் அவள் மடியில் ஏறினான். சின்னக் கை கழுத்துக்குப் பின்னால் போனது. முதுகைத் தடவியது. துப்பட்டாவுக்குள் துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி அழ ஆரம்பித்தான்.

நாளைக்கு விமானம். அவள் எதையும் நீட்டவில்லை, பாட்டும் பாடவில்லை. பயத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தேடித் தேடிக் களைத்த கை அவன் தலையிலேயே வந்து விழுந்தது. காதோரத்தில் ஒரு சுருள் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்துப் பார்த்தான். விரலில் சுற்றினான். மறு கைக் கட்டைவிரல் வாய்க்குள் போனது. விசும்பல் ஒவ்வொன்றாகக் குறைந்து மூச்சு சீரானது.

ஸ்ரீரஞ்சனி நிமிர்ந்தாள். மாமனார் பேரனின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் தலையில இப்ப யாரும் கை வைக்க வேண்டாம்" என்றார் மெல்ல. "திருப்பதி எங்கயும் போயிடாது."

சத்தமில்லாமல் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். திரும்பி நின்று, முதல்முறையாக அவள் தலையை நேராகப் பார்த்தார்.

"நன்னாத் துடைச்சுக்கோ. தலை இன்னும் ஈரமா இருக்கு."