காணாமல் போன சிவப்புக் கோடுகள்

காலையில் ஒன்பது கண்ணாடிக்குச் சிவப்புக் கோடு போட்டாள். மதியம் இடது ஸ்டாண்டில் எண்ணிப் பார்த்தால் ஏழுதான் நின்றன. கண்ணாடிக்குக் கால் முளைத்து நடக்காது. யாரோ இரண்டை நகர்த்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் ஒன்பது போடவே இல்லை. முதல் சந்தேகத்தைவிட இந்த இரண்டாவது சந்தேகம்தான் அவளை அரித்தது.

பஸ் ஜன்னல்களுக்குக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனை அவளுடையது. கறுப்புத் துணி விரித்த சாய்வு மேசை, தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட். கண்ணாடியில் கீறலோ, விளிம்பில் சில்லு பெயர்ந்த இடமோ இருந்தால் மெழுகுப் பென்சிலால் ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான் வேலை, ஆனால் கண் பிசகக்கூடாத வேலை. பக்கத்து மேசையில் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. ஸ்பிரிட் தொட்ட துணியால் கண்ணாடியைத் துடைத்து, நல்லதை லாரிக்குப் போகும் வலது ஸ்டாண்டிலும், கோடு போட்டதை உடைக்கப் போகும் இடது ஸ்டாண்டிலும் நிறுத்துவது அவர் பொறுப்பு. அவளுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

வாங்கிக் கொடுத்தபோது இருவரும் ஒரு விஷயத்தை விழுங்கிவிட்டார்கள். அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. தலைவலி வருவதற்கு முன்பே கண்ணில் தன் வேலையைக் காட்டிவிடும். முதலில், எரியும் பல்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரிவதுபோல ஒரு வெற்றுப்புள்ளி. எதிரில் இருப்பவரின் மூக்கைப் பார்த்தால் மூக்கு இருக்காது. பிறகு அந்தப் புள்ளி ரம்பப் பல்லாக வளைந்து, மினுமினுத்து, ஓரத்துக்கு நகர்ந்து போகும். இருபது நிமிடம். இடது கை விரல்கள் மரத்துப்போகும், வாயில் வரவேண்டிய சொல் வராது. அதற்கப்புறம்தான் மண்டையிடி, வாந்தி, இருட்டறை எல்லாம். டாக்டர் கண்ணைச் சோதித்துவிட்டு, "கண்ணு தங்கமா இருக்கும்மா, இது மூளை பண்ற சேட்டை" என்றார். அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதல் வரவில்லை.

சேர்ந்த முதல் மாதமே அது நடந்தது. ரம்பப்பல் கண்ணாடிமேல் விழுந்ததை விரிசல் என்று நினைத்து, மூன்று சுத்தமான கண்ணாடிகளுக்குக் கோடு போட்டுவிட்டாள். ஃபோர்மேன் மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எந்நேரமும் கையில் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'ஸ்கேல்' என்றே பெயர். "இன்னொரு தடவை நல்ல கண்ணாடிய ஒதுக்கின, லைட்டுக்குக் கீழ ஒனக்கு எடமில்ல. கூட்டறதுக்கு ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றார்.

அன்றே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணில் மின்னல் இருக்கும் நாளில் கண்ணை நம்புவதில்லை. நகத்தை விளிம்பில் ஓட்டுவாள். சில்லு இருந்தால் நகம் தடுக்கும். தடுத்தால்தான் கோடு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் நகம், கண்ணுக்கு என்ன என்று கேள்வி வரும். ஒரு சின்ன நோட்டில் மட்டும் தினமும் எத்தனை கோடு என்று எழுதினாள். மின்னல் வந்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

இப்போது அந்த நோட்டைப் புரட்டி, உடைக்கும் இடத்தில் எழுதிவைத்த கணக்கோடு ஒத்துப் பார்த்தாள். கோடு குறைந்த நாட்கள் ஐந்து. ஐந்திலும் பெருக்கல் குறி இருந்தது.

தலைவலி இல்லாத நாளில் ஒன்றுகூடக் குறையவில்லை என்றால், குறைப்பவர்களுக்கு அவள் தலைவலி தெரிந்திருக்கிறது. யார்? ஸ்கேலாக இருக்கலாம். ஒதுக்குகிற கண்ணாடி கூடினால் மேலிடத்தில் அவருக்குத்தானே மண்டகப்படி. ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கணவரிடம் சாடையாகக் கேட்டாள்.

"எங்க அக்கா உங்கிட்ட ஏதாவது கோவமா இருக்காளான்னா கேக்கற?" என்று அவர் சிரித்தார். "நீதான் சொந்தக்காரங்க வர அன்னிக்கெல்லாம் கரெக்டா தலைவலின்னு படுத்துக்கற. அவதான் ஒத்தையாளா சமைக்கிறா. கோவம் வராம என்ன பண்ணும்?"

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அது முள்ளாகத் தைத்துவிட்டது. வேலை வாங்கிக் கொடுத்த கையே பிடுங்கப் பார்க்கிறதா? சாப்பாட்டில் குழம்பு ஊற்றும்போது நாத்தனார் சாதாரணமாகச் சிரித்தால்கூட, அதில் எத்தனை பங்கு நிஜம் என்று இவள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள்.

தலை தெளிவாக இருந்த ஒரு வியாழக்கிழமை அவள் நடித்தாள். காலையிலிருந்து கொட்டாவி விட்டாள். இடது பொட்டைத் தேய்த்தாள். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோல் மேசையைத் தடவினாள். பிறகு, விளிம்பில் அரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்த ஒரு கண்ணாடிக்குக் கோடு போட்டு நகர்த்திவிட்டு, அடுத்த கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினாள். பின்னால் கறுப்புத் துணி இருந்தால் கண்ணாடி நல்ல முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் பக்கத்து மேசை தெளிவாகத் தெரிந்தது.

நாத்தனார் ஒரு தரம் ஸ்கேல் எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். துணியை ஸ்பிரிட்டில் நனைத்தார். சிவப்புக் கோடு ஒரே இழுப்பில் போய்விட்டது. கண்ணாடி வலது ஸ்டாண்டில் ஏறியது.

சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவள் எப்படி நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. கை கழுவும் குழாயடியில் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்றீங்க? நான் வேலைக்கு வரது பிடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமே."

நாத்தனாரின் முகம் வெளுத்தது. அது களவு பிடிபட்ட முகம் இல்லை. அதுதான் அவளைக் குழப்பியது.

"பிடிக்காமயா? அடியே, ஒன்ன காப்பாத்தத்தான்டி! கண்ணுல அது வர அன்னிக்கு நீ கண்டபடி கோடு போடுவ. அந்த ஆள் தூக்கிப் பாத்தா ஒன் வேலை போச்சு. நீ பொட்டத் தேய்க்க ஆரம்பிச்சாலே எனக்குத் தெரிஞ்சிடும். முடிஞ்சத அழிச்சி விட்டுடுவேன். பாதி ஒனக்கு மின்னலாத்தானே இருக்கும்?"

"அண்ணி, அந்த நாள்ல நான் கண்ணால பாக்கறதே இல்ல. நகத்தால பாக்கறேன். நீங்க அழிச்சதெல்லாம் நிஜம்."

குழாயை மூட இருவருக்கும் தோன்றவில்லை. விளிம்பில் சில்லுள்ள கண்ணாடி இன்றைக்கே உடையாது. பஸ் ஓடி, குலுங்கி, வெயில் ஏறிய ஏதோ ஒரு மதியம், யாரும் தொடாமலே பொலபொலவென்று கொட்டிவிடும். சாய்ந்து தூங்குகிறவர் ரோட்டில் கிடப்பார். இது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

"எத்தனை அழிச்சீங்க?"

"எண்ணிக்கிட்டா பண்ணேன்?" நாத்தனார் அழுதுவிட்டார்.

எண்ணியது இவள்தான். இன்றைய ஒன்று இன்னும் ஸ்டாண்டில்தான் இருந்தது. நோட்டின்படி ஐந்து தேதிகளில் பதினொன்று குறைந்திருந்தன, அவை எல்லாம் லாரியேறிப் போய்விட்டன. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் செய்த தேதி பொறித்திருக்கும், அன்று செய்ததை அன்றே பரிசோதிப்பார்கள். தேதியைச் சொன்னால் தேடிப் பிடிக்கலாம். ஆனால் தேதியைச் சொல்ல நோட்டைக் காட்ட வேண்டும். நோட்டில் தேதிக்குப் பக்கத்திலெல்லாம் அவளுடைய ரகசியம் பெருக்கல் குறியாக உட்கார்ந்திருந்தது.

நாத்தனாரும் அதையேதான் யோசித்தார். "அந்தக் குறிய மட்டும் அழிச்சிட்டுக் காட்டேன்."

"அழிச்சதெல்லாம் போதும் அண்ணி" என்றாள். குரலில் இருந்த கோபத்தை மறைக்கவில்லை.

நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டு, ஸ்கேல் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. காலையில் அழித்த கண்ணாடியையும் இன்னும் நான்கு கண்ணாடிகளையும் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "கண்ண மூடு. எதுன்னு சொல்லு" என்றார்.

கண்ணை மூடி விளிம்பில் நகத்தை ஓட்டினாள். முதலாவது வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவதில் நகம் தடுத்து நின்றது. ஸ்கேல் தன் விரலை அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். வைத்த விரலை உடனே எடுத்துக்கொண்டார்.

"இவ்வளவு நாளா எங்கிட்ட மறைச்சிருக்கீங்க, ரெண்டு பேரும்" என்றார். "தேதி அஞ்சையும் ஆபீஸ்ல சொல்றேன். டிப்போவுக்குப் போன் பண்ணுவாங்க. நாளைக்கு வாங்க, ஒங்க வேலைய அப்புறம் பேசலாம்." நோட்டைத் திருப்பித் தரவில்லை.

சாயங்கால பஸ்ஸில் பாதி சீட் காலி. நாத்தனார் ஜன்னலோரம் உட்காரப் போனவர், கண்ணாடியைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார். அவள் ஜன்னல் விளிம்பைத் தடவினாள். விளிம்பு முழுவதும் ரப்பருக்குள் புதைந்திருந்தது. நகத்துக்கு இங்கே வழியில்லை. மூலையில் பொறித்த தேதிதான் மிச்சம். குனிந்து பார்த்தாள். எண்கள் இருந்த இடத்தில் எண்கள் இல்லை. வெற்றுப்புள்ளி அங்கேதான் வந்து உட்கார்ந்திருந்தது, இந்த முறை நடிப்பு இல்லை.

"அண்ணி" என்றாள். அரை நாளாகப் பேசாத வாய். "வந்துடுச்சு. எனக்குத் தெரியல. நீங்க படிங்க."

நாத்தனார் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு தேதியைப் படித்தார். அவளுக்கு மனப்பாடமான அந்த ஐந்து தேதிகளில் ஒன்றாக அது இல்லை. அடுத்த ஜன்னலுக்குப் போனார்கள். அதுவும் இல்லை. அதற்கடுத்தது வேறு கம்பெனிக் கண்ணாடி. நாத்தனார் உரக்கப் படித்தார், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். "என்னம்மா தேடறீங்க, காதுத் தோடா?" என்று கண்டக்டர் கேட்டார். இருவரும் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். ரம்பப்பல் விரிந்து பாதி பஸ்ஸை மறைத்துவிட்டது.

கடைசிக்கு முந்தின ஜன்னலில் ஒருவர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் தேதியைப் படித்தார். அவள் தலையை ஆட்டவில்லை.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள்.

நாத்தனார் மறுபடியும் படித்தார், ஒவ்வொரு எண்ணாக.

அவள் மரத்துப்போன கையை நீட்டித் தூங்குகிறவரின் தோளைத் தொட்டாள். நாக்கு குழறியது, ஆனாலும் வேண்டிய சொற்கள் வந்தன.

"ஐயா, எந்திரிங்க. அங்க சாயாதீங்க."