பீன்ஸ் அம்மாவுடையது, ரொட்டி ராய்ஸுடையது

எங்கள் நவஹோ பழங்குடி ஜனங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்த்தால் கண் கெட்டுவிடும். என் அம்மா எலூயிஸும் என் கணவர் ராய்ஸும் பத்தொன்பது வருடம் இதைக் காப்பாற்றினார்கள். அம்மாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாற்பதடி தூரம்தான் என்பதால் இது லேசான காரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்கோ செய்யும்போதுகூட சமையலறையை முறைவைத்துப் பங்குபோட்டுக்கொள்வார்கள். விடியும்போது ராய்ஸ் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனதும் அம்மா வருவாள். ஊறிய பீன்ஸில் உப்புக்கண்டக் கொழுப்பு ஒரு துண்டு, வெங்காயம், பூண்டு, சீரகப்பொடி, சுட்டு உரித்த பச்சை மிளகாய் எல்லாம் போட்டு, சின்னத் தீயில் ஐந்து மணி நேரம் விட்டுவிடுவாள். பதினோரு மணிக்கு நாய் குரைக்கும். அம்மா பின்கதவால் போவாள், ராய்ஸ் முன்கதவால் வருவார். மாவைப் பிசைந்து, இரண்டு உள்ளங்கைக்கும் மாற்றி மாற்றித் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு எண்ணெயில் விடுவார். தட்டு அகலத்துக்கு, பூரியைப்போல உப்பி வரும். அதன்மேல் பீன்ஸ், சீஸ், தக்காளி வைத்தால் அதுதான் எங்கள் டாக்கோ.

அம்மாவின் பங்கை நான்தான் கொண்டுபோவேன். இருவருக்கும் நடுவில் தூதும் நான்தான்.

"ரொட்டியா இது? செருப்பைப் பொரிச்சு வச்சிருக்கான். போய்ச் சொல்லு உம் புருஷன்கிட்ட."

நான் திரும்பி வந்து, "மெல்ல மெல்ல ருசியா இருக்காம்," என்பேன்.

"உங்கம்மாவுக்கு உப்புன்னு ஒண்ணு இருக்கிறது தெரியுமா? கேட்டுட்டு வா," என்பார் ராய்ஸ்.

நான் போய், "உன் பீன்ஸ் உடம்புக்கு ரொம்ப நல்லதாம்மா," என்பேன்.

ஊரில் எங்களைப்போல ஒற்றுமையான குடும்பம் கிடையாது.

போன வருடம் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. முதலில் வந்து விசாரித்தவள் அம்மாவின் தங்கை நெல்டா.

"எப்பவோ ஒரு நாள் மாப்பிள்ளையப் பார்த்திருக்கக்கா. இல்லேன்னா கண்ணு ஏன் மங்குது?"

"அவன் நிழலக்கூட நான் மிதிச்சதில்லடி!"

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போன நெல்டா, எல்லாரிடமும் சொன்னாள்.

அம்மா கூனிக்குறுகிப் போனாள். ஆபரேஷன் முடிந்து பார்வை திரும்பியதும் என்னிடம் சொன்னாள்: "பார்க்காமலே பேரு கெட்டுப்போச்சு. பார்த்துட்டாவது கெட்ட பேரு வாங்குறேன்."

அடுத்த ஞாயிறு நாய் குரைத்தபோது அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. உள்ளே வந்த ராய்ஸ் பதறிப்போய் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

"எடுப்பா தொப்பிய. நான் என்ன கரடியா?"

எடுத்தார். அம்மா உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இம்புட்டு வழுக்கையா? ஒரு வார்த்தை சொன்னியாடி நீ?"

ராய்ஸ் சிரித்துவிட்டார். பத்து நிமிடம் எல்லாம் நன்றாகவே போனது. அப்புறம் அவர் மரியாதைக்காக, "என் ரொட்டிய நீங்க புகழாத வாரமே இல்லையே, அத்தை," என்றார்.

"யாரு? நானா? செருப்புன்னுல்ல சொல்லிவிட்டேன்!"

"செருப்பா? அப்போ உப்பப் பத்தி நான் கேட்டுவிட்டது?"

"என் பீன்ஸுல உப்புக்கு என்ன குறைச்சல்?"

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தேன். வெங்காயம் தேவையே இல்லை.

அதற்குமேல் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ராய்ஸ் அம்மாவின் கண்ணெதிரே ஒரு கை உப்பை அள்ளி அவள் சட்டியில் போட்டார். அம்மா அவர் கையிலிருந்த மாவைப் பிடுங்கி, "பிசையுறதா இது? அடிச்சுக் கொன்னு வச்சிருக்க," என்று தானே தட்டினாள். என் வீட்டு அடுப்பு, நான் கையெழுத்துப் போட்டுத் தவணையில் வாங்கிய அடுப்பு, அதன் பக்கம் என்னை ஒருவரும் விடவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். அம்மா தட்டிய ரொட்டியில் ராய்ஸ் உப்புப் போட்ட பீன்ஸை வைத்துச் சாப்பிட்ட அந்த டாக்கோவைப்போல ஒன்றை நாங்கள் அதுவரை சாப்பிட்டதில்லை. ஆளுக்கு மூன்று தின்றோம். ஒருவர்கூட வாயைத் திறந்து நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. கடைசி ரொட்டியை இருவரும் ஒரே நேரத்தில் எட்டி எடுக்கப்போய், இருவருமே கையை இழுத்துக்கொண்டார்கள். அதை நாய்க்குப் போட்டேன்.

மறுவாரம் நாய் குரைத்ததும் அம்மா பழையபடி பின்கதவால் போய்விட்டாள். அதே மாதம் ஊர்க் கூட்டத்தில் இந்தக்காலத்துப் பிள்ளைகள் வழக்கம் எதையும் மதிப்பதில்லை என்று பேச்சு வந்தது. அம்மா எழுந்து நின்றாள்.

"கண்ணு நல்லா தெரியும்போதும் பார்க்காம இருக்கோம் பாருங்க, அதுதான் வழக்கம். பெரியவங்க காரணமில்லாமலா வச்சாங்க?"

நெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளிடம் இதைப் பேசவேண்டும் என்று அங்கேயே அம்மாவைக் கேட்டுக்கொண்டார்கள். கடைசி வரிசையில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ராய்ஸ்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.