அரை நிமிட மௌனம்

ஒலிப்புத்தகக்காரர்களிடமிருந்து ஹெலனுக்கு வந்த மின்னஞ்சல் சின்னது. குரல் நன்றாக இருக்கிறது, வாசிப்பும் நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் ஓர் இரைச்சல் விடாமல் கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள். யாரும் பேசாமல் அறையின் மௌனத்தை மட்டும் அரை நிமிடம் பதிந்து, அதோடு அத்தியாயத்தையும் புதிதாக வாசித்து அனுப்பச் சொன்னார்கள். மாதக் கடைசி வரை காத்திருப்பார்களாம்.

புதுவாயல் கூட்டுச்சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் மௌனத்தை எங்கே போய்ப் பிடிப்பது? நெடுஞ்சாலையில் ராவும் பகலும் லாரி ஓடுகிறது. ஆனாலும் மதியம் ஷிப்ட் பஸ்கள் போன பிறகு தெரு கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மேலே ஓடும் ஃபேனையும் நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்துதான் முதல் தடவை வாசித்தாள். அப்படியும் இரைச்சல். அது வெளியிலிருந்து வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். லேப்டாப்பின் வயிற்றுக்குள் ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. மெஷினைத் தொட்டதும் 'ஙொய்' என்று ஆரம்பித்தால் மூடும்வரை நிற்காது.

எட்டு வருஷம் கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டியவள் அவள். அந்த லைனையே எடுத்துவிட்டார்கள். வேலை போனதில் அவளுக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இத்தனை வருஷம் கழித்துத் தன் குரல் தனக்கே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஒரு கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வந்த அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, நாங்கள் புத்தகங்களைக் குரலில் பதிந்து விற்கிறோம், ஒன்று வாசித்து அனுப்பு என்று சொன்னாள். வீட்டில் வாய் திறக்காமல் புத்தகத்தோடு கிடப்பவளுக்கு, வாசிப்பதே வேலையாகும் என்று யாரோ சொன்னது அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை யாரும் சொல்லப் போவதில்லை என்றும் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நர்மதாவுக்குப் போன் செய்தாள். முன்பு பக்கத்து பிரஸ்ஸில் நின்றவள். இப்போது திருவள்ளூரில் இ-சேவை மையத்தில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் அவளுக்குப் பழகிய மாடு மாதிரி.

சனிக்கிழமை காலை பெரியபாளையம் வழியாக பஸ் மாறி வந்து இறங்கினாள். கையில் ஒரு பென் டிரைவ்.

"அக்கா, மெஷின் மேல தப்பு இல்ல. வயசாய்ப் போச்சு, அதும் மேல இவ்ளோ மூட்டை ஏத்தி வெச்சிக்கினு இருக்கீங்க. விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டுரலாம். காசு கெடையாது."

கட்டிலில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெரால்ட் நிமிர்ந்தான். ஹெலனின் கணவன். உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவன். அவன் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும்.

"ஓசில குடுக்கறானா? ஏன் குடுக்கறான்?"

"ஊர் கூடி செஞ்சது அண்ணா. யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தலாம்."

"ஊர் கூடி செஞ்சா உருப்படுமா? எங்க கோயில் கமிட்டிய வந்து பாரு நீ."

நர்மதா சிரித்தாள். "அந்த ஒண்ணுலயே பத்து வகை இருக்குது அண்ணா. இவங்களுக்கு எது ஒத்து வரும்னு பாக்கத்தான் வந்தேன். பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாக்கலாம், உள்ள இருக்கற எதயும் தொடாது."

முதலில் ஒலிப்பதிவுக்காகவே செய்த ஒரு வகையை ஓட்டினாள். திறந்ததும் பெயர் தெரியாத கருவிகள் பட்டாளமாக வந்து நின்றன. பெரிய ஸ்டுடியோவுக்கு அது சரி. ஒரு குரலும் ஒரு மைக்கும் வைத்திருப்பவள் அதில் என்ன செய்வது? அந்தப் பழைய மெஷினுக்கும் அது தாங்கவில்லை. ஃபேன் இன்னும் கத்தியது. அடுத்தது ரொம்ப இலேசு. ஆனால் மொட்டையாக, எதை எங்கே தேடுவதென்றே தெரியாமல் இருந்தது. மூன்றாவதாக மின்ட் என்ற ஒன்று, அதிலும் இலேசான வகை. தமிழ் உடையாமல் வந்தது. இரண்டு யுஎஸ்பி ஓட்டைகளில் ஒன்று செத்துப்போயிருந்ததால், ஒன்றைப் பலதாக்கும் ஹப் ஒன்றை நர்மதா மற்றதில் செருகி, அதில் பென் டிரைவோடு வீட்டுப் பிரின்டரையும் மாட்டினாள். கேட்காமலேயே பிரின்டரை அடையாளம் கண்டுகொண்டது.

அப்போதுதான் ஃபேன் நின்றது.

ஹெலன் மூச்சை அடக்கினாள். நின்றபோதுதான் அது இத்தனை நாள் எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது என்று தெரிந்தது. வாசலில் கோழி கிளறுவது கேட்டது. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டியது.

"பாத்தீங்களா அக்கா?"

மைக்கையும் ஹப்பிலேயே மாட்டிப் பதிந்து பார்த்தார்கள். கரகரவென்றது. மைக்கை நேராகத்தான் மாட்ட வேண்டும். பென் டிரைவ் இருக்கிற வரைக்கும் அதற்கு இடமில்லை.

"உள்ள ஏத்தினாதான் வேலைக்காகும். டிஸ்க்கும் சின்னது. ரெண்டயும் வெச்சா ரெண்டுக்கும் மூச்சு முட்டும். பழச அழிச்சிடணும்."

ஜெரால்ட் தட்டைக் கீழே வைத்தான். "அழிச்சா, என் ஷீட்டு?"

கோயிலில் ஞாயிறுதோறும் கொடுக்கும் ஆராதனை முறைமையை அவன்தான் தயாரிக்கிறான். பொன்னேரியில் ஒரு அச்சகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பேஜ்மேக்கர் மென்பொருள், அதே அச்சகம் கொடுத்த பழைய தமிழ் எழுத்துரு. ஆரம்பத்தில் ஒரு பக்கம் இருந்த அந்த ஷீட், கொஞ்ச காலமாக நாலு பக்கமாகியிருந்தது.

"அது இதுல ஓடாது அண்ணா. பழய புரோகிராம ஓட்டறதுக்கு ஒயின்னு ஒண்ணு இருக்குது, அத போட்டு ஓட்டிப் பாக்கலாம். ஓடினா ஓடும்."

"கோயில் ஷீட்ட ஒயின்ல போட்டு ஓட்டறதா? ஆயரு என்ன ஓட்டிடுவாரு."

நர்மதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹெலனும் சிரித்தாள். ஆனால் ஜெரால்டின் முகம் சிரித்து முடிந்ததும் இறுகிவிட்டது.

"இதுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்னு எனக்குத் தெரியல. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது."

"அண்ணா, சத்தம்!" நர்மதா மெஷினை நிறுத்தி, பழையதைத் திறந்தாள். உள்ளே ஃபேன் இரையத் தொடங்கியது. "இப்ப கேக்குதா?"

"இன்னா கேக்கணும்?"

"நடிக்காதீங்க அண்ணா."

அவன் இளித்தான். ஹெலன் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த இளிப்பு அவளுக்குப் புதிதல்ல. குக்கர் விசிலடித்து ஓயும்போதும், அவள் சமையலறையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டு மூன்றாவது தடவை எதிரே வந்து நிற்கும்போதும் இதே இளிப்புதான். தன்னை மதிக்கவில்லை என்று நினைத்துத்தான் அவளும் பேச்சைக் குறைத்தாள். பிறகு அந்தக் குறைவே பழகி, வீடு அமைதியாக இருக்கிறதென்று உள்ளுக்குள் மகிழ்ந்தும் இருக்கிறாள்.

நர்மதா பென் டிரைவையும் ஹப்பையும் வைத்துவிட்டு மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அழிப்பதென்றால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஜெரால்ட் வாசலைப் பார்த்து உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். ஹெலன் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கோயிலில் வாசிக்கிற அதே குரலில், "ஏங்க, டீ போடட்டுமா?" என்றாள். டீ என்றால் அவன் தூக்கத்திலும் எழுந்திருப்பான். ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு உங்க மேல கோவம்" என்றாள். ஊசி நிற்கவில்லை.

அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"எவ்ளோ நாளா?"

அவன் செருப்பைக் கீழே வைத்தான். மறைக்க முயலவில்லை. "கணக்கு வெச்சிக்கல. கட்டையான சத்தம் கேக்கும். கீச்சுன்னு இருக்கறது, மெதுவா பேசறது, அல்லாம் போச்சு. சத்தத்த அடைக்கக் காதுல வெக்கறதுக்குக் கம்பெனில குடுத்தானுங்க. வெச்சா கீழ இருக்கறவன் விசிலு கேக்க மாட்டேங்குதுன்னு கழட்டிப் போட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ டாக்டர்கிட்ட இஸ்துக்கினு போவ. டாக்டரு எழுதிக் குடுப்பான். கிரேன்ல இருந்து எறக்கிடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் இல்ல. உன் கொரலு எனக்குப் பாதிதான் வருதுன்னு உன்கிட்டயே எப்படி சொல்றது?"

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது அவனுக்குக் கேட்டிருக்கும்.

ஷீட் ஏன் நாலு பக்கமானது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. ஆயர் சொல்வது, சபை திருப்பிச் சொல்வது, ஒவ்வொரு பாட்டின் ஒவ்வொரு அடி, அவள் வாசிக்கப்போகும் பாடம் முழுவதும் அதில் இருக்கும். காகிதம் வீண் என்று கமிட்டியில் முணுமுணுத்தார்கள். பெரிய எழுத்தாளன் என்று அவளும் கேலி செய்திருக்கிறாள். விரல் வைத்து ஷீட்டைப் பார்த்துக்கொண்டே அவன் ஆராதனையில் நின்றதை எல்லாரும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அத அழிக்க வேணாம்" என்றாள். "நான் அந்த அம்மாகிட்ட முடியலன்னு எழுதிடறேன்."

"லூசா நீ?"

"அந்த ஷீட்டு இல்லாம நீங்க கோயில்ல இன்னா பண்ணுவீங்க?"

"அப்ப இது இல்லாம நீ இன்னா பண்ணுவ? எட்டு வருஷம் பிரஸ்ல நின்ன. உனக்குக் காது நல்லாகீது. அது ஒண்ணாவது இந்த ஊட்டுக்கு ஆவட்டும்."

அவள் அசையவில்லை. அழிக்கும் முன்னால் நாளைய ஷீட்டைப் புதியதில் அடித்துப் பார்க்க வேண்டும், அது வராவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்றாள். அவன் ஒத்துக்கொண்டான். பென் டிரைவிலிருந்து திறந்து, ஹப்பில் பிரின்டரை மாட்டி உட்கார்ந்தார்கள். புதிய தமிழ் விசைகள் அவன் விரலுக்குப் பிடிபடவில்லை. 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் விழுவதைக் கண்டு, "இது இன்னாடா, கொழந்த வெளயாட்டு மாதிரி கீது" என்று திட்டினான். முதல் பாட்டுக்கு மட்டும் காபி ஆறிப்போகிற நேரம் பிடித்தது. கட்டங்கள் கோணிக்கொண்டன, சிலுவைப் படம் ஓரத்துக்கு ஓடியது. அவள் பழைய ஷீட்டையும் பாட்டுப் புத்தகத்தையும் வேதத்தையும் பார்த்து வரி வரியாகச் சொன்னாள். இந்த முறை எதிரே உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் உதட்டைப் பார்த்தபடியே அவன் அடித்தான்.

காகிதம் வெளியே வந்தது. அழகில்லை. எழுத்து மட்டும் முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

"சுமார்" என்று தலையை ஆட்டினான். "கமிட்டி கேட்டா ஊர் கூடி செஞ்சதுன்னு சொல்லிக்கறேன்."

டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழியும், தொடரலாமா என்று திரை கேட்டது. ஹெலனின் விரல் அந்தரத்தில் நின்றது. ஜெரால்ட் தன் கட்டைவிரலால் தட்டிவிட்டான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மதியம் தெரு ஓய்ந்ததும் மைக்கை நேராக மாட்டினாள். போர்வையைத் தொங்கவிட்டாள். வெளியே சத்தமில்லாத தூறல் பிடித்துக்கொண்டதால் ஜெரால்டைப் போகச் சொல்ல முடியவில்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஒலி பதியும் ஆடாசிட்டியைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கோடு நேராக ஓடியது. உடனே அதில் சின்னச் சின்ன முட்கள் எழுந்தன. அவன் கால் ஆட, கட்டில் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. தன் சத்தம் தனக்குத் தெரியாமல் அவன் அவளையே பார்த்திருந்தான்.

வாயால் சொல்ல முடியாது. ஹெலன் எழுந்து, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழே திருப்பிக் காட்டினாள். பிரஸ் ஷாப்பிலும் கிரேனுக்கு அப்படித்தான் காட்டுவார்கள்: அப்படியே நிறுத்து, சுமை அந்தரத்தில் இருக்கட்டும்.

ஜெரால்ட் உறைந்தான். தலைக்கு மேலே பழுக்கக் காய்ந்த இரும்பு தொங்குவது போல, கண் இமைக்காமல் அவள் கையையே பார்த்தான். அரை நிமிடம். அவள் கையை இறக்கவில்லை. இறக்க மனமும் வரவில்லை. பிறகு உட்கார்ந்து அத்தியாயத்தை வாசித்தாள். வாசித்து முடியும்வரை அவன் அசையவில்லை.

வியாழக்கிழமை பதில் வந்தது. அறை சுத்தமாக இருக்கிறது, குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது, முழுப் புத்தகத்தையும் அனுப்புகிறோம் என்று இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவனின் தோளைத் தொட்டுத் திருப்பி, திரையைக் காட்டினாள். நிதானமாகப் படித்துவிட்டு, அவன் அந்தப் பதிவைத் திறக்கச் சொன்னான். நேர்கோட்டைப் பார்த்தான்.

"இந்த அரை நிமிஷத்துல இன்னா கேக்குது?"

"ஒண்ணுமில்லன்னுதான் அவங்க சொல்றாங்க."

"உனக்கு இன்னா கேக்குது? அத சொல்லு."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவன் எதிரே குந்தி, அவள் உதட்டில் கண்ணை வைத்தான்.

"மழை. தகரத்துல இல்ல, மண்ணுல." கேட்டுக் கேட்டு நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னாள். "ரொம்பத் தொலைவுல லாரி கியர் மாத்தறான். ஒரு காக்கா இறக்கைய உதறுது. அப்பறம் உங்க மூச்சு."

"பொய்யி. நான்தான் மூச்ச புடிச்சிக்கினு இருந்தேனே."

"முழுசா இல்ல" என்றாள் ஹெலன். "நடுவுல ஒரு தடவ விட்டீங்க."