வெயில்சமையல்

1

ஒளிச்சேர்க்கை என்ற சொல்லை ஆக்கியவர் யாரென்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. தேடி உண்மை அகப்பட்டுவிட்டால் அப்புறம் கதைக்கு எங்கே போவேன்? ஆகவே, இனி வருவதெல்லாம் என் சொந்தப் புளுகு.

2

மதுரை, 1974. வைகையில் தண்ணீர் சலசலத்து

(வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் அடிக்க வருவார்கள்.)

ராமதாஸ் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தமிழ்வழிப் பாடநூலுக்குச் சொல் ஆக்கும் குழுவில் அவரையும் போட்டிருந்தார்கள். 'உனக்கென்னய்யா தமிழ் தெரியும்' என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்று மனுஷனுக்கு எப்போதும் ஒரு பயம்.

போட்டோசிந்தசிஸ் அவரை ஒரு வாரம் படுத்தியது. கிரேக்கத்தில் முன்பாதி ஒளி, பின்பாதி ஒன்றாகச் சேர்த்து வைப்பது. லேபில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்த அட்டெண்டர் முத்துக்கருப்பனிடம் புலம்பினார். இலை வெயிலையும் தண்ணீரையும் காற்றையும் வைத்துத் தனக்குச் சாப்பாடு ஆக்கிக்கொள்கிறது என்று விளக்கினார்.

"அப்ப வெயில்சமையல்னு வையிங்க சார். இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டு மண்டைய ஒடைக்கிறீக?"

ராமதாஸுக்குப் புல்லரித்துவிட்டது.

3

குழுவில் ஒரு வழக்கம். சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல், கீழே ஆக்கியவர் பெயர். ராமதாஸ் நேர்மையாக 'முத்துக்கருப்பன்' என்று எழுதினார். அட்டெண்டர் என்று எழுத இடமில்லை. (இடமிருந்தது. எனக்குத்தான் கதை வேண்டியிருந்தது.)

தலைவர் அட்டையை வாசித்ததும், "முத்துக்கருப்பனார் ஆக்கமா!" என்றார். ஒரு புலவர் கண்ணை மூடிக்கொண்டு, என்ன ஒரு சங்க வாடை என்றார். இன்னொருவர் முத்துக்கருப்பனாரின் கட்டுரையை முன்பே படித்திருக்கிறாராம். (நானும் மேடைகளில் இப்படி அளந்துவிட்டிருக்கிறேன்.) சொல் ஏகமனதாக நிறைவேறியது. பதிவேட்டில் ஏற்றத் தலைவர் பேனாவைத் திறந்தார்.

"முத்துக்கருப்பனார் ஐயா எந்தக் கல்லூரியில் தமிழ்த்துறை?"

4

முதல் முடிவு: ராமதாஸ் வாய்க்கு வந்த ஒரு கல்லூரியைச் சொல்கிறார். சொல் பிழைக்கிறது. முத்துக்கருப்பனாருக்குச் சால்வை போர்த்த நாள் குறிக்கிறார்கள்.

இரண்டாவது: உண்மையைச் சொல்கிறார். பேனா மூடப்படுகிறது. 'வெயில்' கொஞ்சம் கொச்சையோ என்று அதே புலவருக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது: ராமதாஸ் மேஜையில் ஓங்கித் தட்டி, "அட்டெண்டர் சொன்னா

(தட்டமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். பாவம்.)

எது முடிவென்று என்னைக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் எந்தச் சொல்லை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினீர்களோ, அதுதான்.

முத்துக்கருப்பன் வாசலில் சைக்கிளோடு நிற்கிறார். தன் சொல் புத்தகத்தில் ஏறப்போகிறதென்று சொந்த ஊர் எழுமலைக்குக் கார்டு போட்டுவிட்டாராம். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.