ஸ்லைட் தள்ளிய குரங்கு

ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் நாளடைவில் டி.வி. அவனைப் பார்க்க ஆரம்பித்துவிடும். எனக்கு அது நடந்தது. அதனால்தான் எழுபது வயதுக்கு மேல் டெல்லியில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்தேன்.

வகுப்பில் தமிழ் பேச எனக்குக் கிடைத்தவள் இளவரசி. சொந்த ஊர் தென்காசிப் பக்கம், வீடு டெல்லியின் சங்கம் விஹார் பகுதியில். குர்காவ் கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை கொடுத்திருந்தது, எம்.ஏ. சான்றிதழோடு வந்தால்தான் உண்டு என்ற நிபந்தனையோடு. மற்றதையெல்லாம் பாஸ் செய்துவிட்டாள். பாக்கி இருந்தது வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டிய ஒரு பிரசன்டேஷன். அதில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் வருடம் போச்சு, வேலையும் போச்சு.

எதிரே முகங்களைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் முறை அவள் வாயடைத்து நின்ற நேரத்தில் ஜன்னலில் ஒரு புறா சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டி முட்டையும் இட்டுவிட்டது. சந்தேகப்படுகிறவர்களுக்குக் குஞ்சுகளைக் காட்டத் தயார்.

இந்த முறை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தாள். எங்கே மூச்சு விடுவது, எங்கே சிரிப்பது என்பதுகூட. தலைப்பு, டெல்லியின் குடிநீர் விநியோகம். ஸ்லைடும் பேச்சும் ரயில் பெட்டிபோல ஒன்றோடொன்று கோத்திருந்தன.

"அங்கிள், நீங்க ரிமோட்ட மட்டும் அமுக்குங்க. நடுவுல வாயத் தொறந்தீங்க, கொன்னுருவேன்."

இருவர் குழு. பேசுகிறவருக்கு இருபது மார்க், ஸ்லைட் தள்ளுகிறவருக்கு ஐந்து. பேச்சு முப்பது விநாடி நின்றால் ஃபெயில் என்பது எங்கள் பேராசிரியை அபூர்வா மேடத்தின் சட்டம். கல்லூரி லேப்டாப்பின் கீபோர்டு போன வாரம் டீ குடித்து இறந்திருந்தது. ஆகவே ரிமோட்தான் கதி.

"சலோ, ஷுரு கரோ," என்று ஆரம்பிக்கச் சொன்னார் மேடம்.

முதல் மூன்று ஸ்லைட் அருமையாகப் போயின. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். நான் ஜன்னலோரம், வலது கையில் ரிமோட், இடது கையில் மாத்திரைக்குப் பின் சாப்பிட வைத்திருந்த வாழைப்பழம். ஜன்னல் வழியே ஒரு குரங்கு உள்ளே வந்தது. இரண்டு கையையும் பார்த்தது. ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு பீரோ மேல் ஏறிவிட்டது. பழத்தைத் தொடக்கூட இல்லை. படிப்பில் நாட்டமுள்ள குரங்கு.

ஏறியதும் கண்டபடி அமுக்கியது. நான்காவது வரவேண்டிய இடத்தில் பதினோராவது வந்தது: தண்ணீர் லாரியைச் சுற்றிக் குடங்கள்.

இளவரசியின் பேச்சு அப்படியே நின்றது. மேடம் போனைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். "பத்து..."

மாதவ் என்கிற பையன் செருப்பைக் கழற்றினான். "அடிக்காதேடா, ரிமோட்டோடு ஓடிடும்!" என்று அவன் கையைப் பிடித்தேன். அப்போதுதான் தாழ்வாரக் கோடியில் அந்தச் சத்தம் கேட்டது. குரங்கை விரட்ட, அது பயப்படுகிற லங்கூர் என்னும் கருமூஞ்சிக் குரங்குபோலக் கத்துவதற்கென்றே இந்த ஊரில் ஆள் வைப்பார்கள். எங்கள் ஆள் கத்தினால் சில பேராசிரியர்களே மரமேறிவிடுவார்கள். அவர் எங்கள் வாசலுக்கு வந்தால் குரங்கும் போகும், ரிமோட்டும் போகும்.

"இருபத்தைந்து... இருபத்தாறு..."

இளவரசி திரையையே பார்த்தாள். அது அவளே எடுத்த படம்.

"அந்த நீலக் குடம் எங்களுடையது," என்றாள்.

மேடத்தின் எண்ணிக்கை நின்றது.

"பக்கத்தில் நிற்கிற ஆன்ட்டி வரிசையில் எனக்கு முன்னால் புகுந்தவர். இன்றுவரை நாங்கள் பேசுவதில்லை."

வகுப்பு சிரித்தது. அது மனப்பாடத்தில் இல்லாத சிரிப்பு. குரங்கு அமுக்கியது. குழாய் வரைபடம்.

"இந்தக் குழாய் எங்கள் தெருவரை வருகிறது. வரைபடத்தில் மட்டும்."

தாழ்வாரச் சத்தம் இரண்டு அறை தள்ளிக் கேட்டது. குரங்குக்கு மயிர் சிலிர்த்தது. பயத்தில் கட்டைவிரல் நிற்கவில்லை. தண்ணீர் மீட்டர், யமுனை நுரை, மறுபடி லாரி, மீட்டர். இவளும் விடவில்லை. எது வந்ததோ அதைப் பிடித்தாள். மூச்சு விடும் இடங்களையெல்லாம் மறந்துபோனாள்.

வாசலிலேயே கத்தல் வெடித்தது. ஒரே தாவல். குரங்கும் ரிமோட்டும் வெளியே. திரையில் யமுனை நுரை அப்படியே நின்றது. முடிவுரை சொல்ல வேண்டும், அதற்கான ஸ்லைடோ இனி வராது. அவள் மெல்லத் திரும்பினாள். எதிரே அத்தனை முகங்கள்.

மேடத்தின் விரல் மறுபடி போன்மேல் போனது.

லங்கூர் ஆள் தலையை நீட்டி, "பந்தர் கிதர் கயா?" என்று குரங்கு போன திசையைக் கேட்டார்.

"சுப் ரஹோ பையா!" என்று அதட்டினாள் இளவரசி. "நான் இன்னும் முடிக்கவில்லை."

அவர் அடுத்த கத்தலை விழுங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். லாரி எந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்பதைத் தெருமுனையில் எழுதிப் போட்டாலே பாதிச் சண்டை தீரும் என்று சொல்லி முடித்தாள். முதலில் கைதட்டியவர் லங்கூர் ஆள்தான்.

"பதினாறு. பாஸ்," என்றார் மேடம். மார்க் தாளில் என் பெயருக்கு நேரே நான்கு என்று எழுதியவர், பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஸ்லைட் தள்ளியது நீங்கள் இல்லையே, அங்கிள்ஜி?"

வகுப்பே ஜன்னலைக் காட்டியது.

இளவரசி இப்போது குர்காவில் இருக்கிறாள். நான் பூஜ்யம் வாங்கி அதே வகுப்பில். அடுத்த பிரசன்டேஷனுக்கு ஜோடி பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் வாழைப்பழத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.