நடுச்சுவரில் இடித்த நட்சத்திரம்

தொழுகைக் கூடத்தின் சுவரில் இரு பக்கமிருந்தும் வந்த நட்சத்திர வரிசைகள் அன்று காலை நடுவில் சேர வேண்டும். சேரவில்லை. கடைசி நட்சத்திரத்துக்கு இரண்டு விரல் அகலம் இடம் போதவில்லை.

வலப்பக்கம் அவள் கணவன் பதித்தது. இடப்பக்கம் அவள் அண்ணன் பதித்தது. வரைந்தது அவள். வட்டத்தைப் பத்தாகப் பிரித்து, இரண்டு புள்ளிகளைத் தாண்டி மூன்றாவதோடு கோடு இழுத்துக்கொண்டே போனால் பத்து முனை நட்சத்திரம் விழும். பாதிச் சுவருக்கு ஒன்றாக ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தாள். அதிலிருந்து நகலெடுத்து, சுவரில் பதிக்கும் நீல ஓட்டின் மேல் ஒட்டி, சுத்தியின் கூர்முனையால் கொத்தி ஆயிரக்கணக்கான துண்டுகளை அவர்கள் வெட்டினார்கள்.

"மச்சான், கோட்டுக்கு வெளியே வெட்டியிருக்கீங்க," என்றான் கணவன்.

"நான் சுத்தி பிடிச்சப்போ நீ தவழ்ந்துக்கிட்டிருந்தே. உன் பக்கத்தைப் பாரு மாப்பிள்ளை."

"பார்த்தாச்சு. என்னுது நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. உங்களுக்குக் கண்ணு போயிருச்சு, ஒத்துக்க மனசு வரல."

அண்ணன் சுத்தியை எடுத்துக் கணவனின் கடைசி நட்சத்திரத்தில் ஓங்கிப் போட்டார். தெறித்த நீலத் துண்டு ஒன்று கணவனின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணை மறைக்க, அவன் பாய்ந்தான். இருவரும் ஈரச் சாந்தில் உருண்டார்கள். அண்ணன் அவன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார்.

"அண்ணா, செத்துருவாரு! விடு!"

அவள் இடையில் புகுந்தாள். யாருடைய முழங்கையோ அவள் முன்பல்லைப் பெயர்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவள் நிமிர்வதற்குள், தரையில் கிடந்த சுத்தி கணவன் கைக்கு வந்துவிட்டது. அண்ணன் வலது கையை ஓடு வெட்டும் பட்டறைக் கல்லில் ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். அந்தக் கையில் கூர்முனை இறங்கியது. இரண்டு முறை.

அண்ணன் போட்ட அலறலில் கணவனின் வெறி இறங்கியது. கல்லின் மேல் தனியே கிடந்த விரல்களைப் பார்த்ததும் குனிந்து வாந்தி எடுத்தான். போலீஸ் வந்தபோது சட்டையைக் கழற்றி மச்சானின் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவள் தனியாகக் கூடத்துக்குப் போனாள். கணவனின் தாளில் இரு நட்சத்திரங்களின் நடுப்புள்ளிகளுக்குக் கவராயத்தை விரித்தாள். அதே விரிப்போடு அண்ணனின் தாளில் வைத்தாள். முள் புள்ளியில் விழவில்லை. ஒரு அரிசி அகலம் முன்னாலேயே நின்றது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சேர்ந்து அதுதான் சுவரில் இரண்டு விரலாகியிருந்தது. அண்ணனின் தாள் சுருண்டுகொண்டே இருக்கிறது என்று அவள்தான் பசை தடவிப் பலகையில் ஒட்டிக் கொடுத்திருந்தாள். ஈரத்தில் விரிந்த தாள் விரிந்தபடியே காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"நீ சரியாத்தான் வெட்டினே. அவரும்தான். தப்பு தாளை ஒட்டின என்கிட்ட."

அண்ணன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். இடது கையால் அவள் கன்னத்தில் அறைந்தார். பெயர்ந்த பல்லின் இடத்தில் மறுபடி ரத்தம் வந்தது. அடித்த பிறகுதான் அழுதார்.

"எத்தனை நட்சத்திரம் எடுக்கணும்?"

"பதினொண்ணு."

"எல்லாம் என் பக்கமா?"

"ஆமா."

"போய் எடு. உன் புருஷன் வெளியே வந்தா, என் வாசப்படி மிதிக்க வேண்டாம்னு சொல்லு."

கணவன் ஜெயிலில் இருந்த நான்கு மாதத்தில் அந்தப் பதினொன்றையும், வலப்பக்கம் உடைந்திருந்த ஒன்றையும் அவளே கொத்தி எடுத்து, புதிதாக வரைந்து, வெட்டிப் பதித்தாள்.