வளைந்த கோடு

நிலநடுக்க அபாயமணி அலறியது. விரிவுரையாளர் வேலைக்காக மாதிரி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த தியுர்மா, பலகையில் பாதி எழுதிய வரியை அப்படியே விட்டாள். தேர்வுக்குழுவும் மாணவர்களும் தடதடவென்று படியிறங்கி மைதானத்துக்கு ஓடினார்கள்.

விடுரிக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நிலம் குலுங்குவது புதிதல்ல. ஆனால் இன்றைக்கா குலுங்க வேண்டும்? தகவல் தொடர்புத் துறைத் தலைவி அவள். 'ஊடகம், அறிவியல், தொழில்நுட்பம்' என்ற பாடத்துக்கு ஓர் இளநிலை விரிவுரையாளர் வேண்டுமென்று வருடக்கணக்கில் மன்றாடி வாங்கிய பணியிடம் இது. அதுவரை பாடத்தை அவளேதான் சமாளித்தாள். செயற்கைக்கோளைப் பற்றி மாணவர்கள் கேட்டால் அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று நழுவுவாள். அடுத்த வகுப்பிலும் நழுவுவாள்.

மைதானத்தில் எல்லார் கைப்பேசியும் கிணுகிணுத்தது. ஒரு மணி நேரத்தில் இதைவிடப் பெரிய நடுக்கம் வரும் என்று யாரோ பரப்பிய செய்தி. ஒரு மாணவி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

தியுர்மா அந்தப் பெண்ணின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். நேரம் குறித்து நடுக்கத்தைச் சொல்லும் கருவி உலகத்திலேயே இல்லை என்றாள். பூமிக்கடியில் பாறை எப்படிச் சறுக்குகிறது என்று உள்ளங்கைகளை உரசிக் காட்டினாள். இந்த மாதிரிச் செய்தி ஏன் ஜனங்கள் பயந்திருக்கும் நேரம் பார்த்து வருகிறது, யாருக்கு அதில் லாபம் என்றும் சொன்னாள். உணவகத்து ஆட்கள்கூட நெருங்கி வந்து நின்றார்கள். விடுரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

நடுக்கம் அடங்கியதும் குழு மட்டும் அறைக்குத் திரும்பியது. டீன் சுகண்டா சிற்றுண்டிப் பெட்டியைத் திறந்து, வாழையிலையில் சுற்றிய லெம்பர் என்ற அரிசிப் பலகாரத்தை உரித்தபடி, ஹனிஃபையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். காலையில் மாதிரி வகுப்பு எடுத்துவிட்டுப் போன பையன். அறிவியல் செய்தியைக் கவர்ச்சியாக எழுத வேண்டும் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

"பாக், அந்தப் பொண்ணு வெளிய நடத்தினதைப் பாத்தீங்கல்ல?" என்றாள் விடுரி. அந்த ஊரில் ஐயா என்பதற்கு 'பாக்', அம்மா என்பதற்கு 'இபு'.

"பாத்தேன் இபு. எனக்கே பயம் போயிடுச்சு. ஆனா மைதானத்துல நடத்தினதுக்கு எந்தக் கட்டத்துல மார்க் போடறது?"

திரும்பக் கூப்பிட்டு அறைக்குள் நடத்தச் சொல்லலாம் என்றாள் விடுரி.

"கூப்பிட்டும் பிரயோஜனமில்ல. இளங்கலை இயற்பியல், முதுகலை ஊடகம். கோடு வளையுதே."

கோடு! வாங்கிய பட்டமெல்லாம் ஒரே துறையில், நேர்கோடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தர ஆய்வுக்கு வருகிறவர்கள் துறையின் புள்ளியைக் குறைப்பார்கள். ஹனிஃபின் இரண்டு பட்டமும் தகவல் தொடர்பு.

பாடத்தின் பெயரிலேயே வேறு வேறு துறைகள் இருக்கும்போது, ஒரே கோட்டில் வந்தவனுக்கு மீதிப் பாடம் எப்படித் தெரியும் என்று விடுரி மல்லுக்கு நின்றாள். போகப்போகக் கற்றுக்கொள்வான், நீங்கள் சமாளிக்கவில்லையா என்றார் அவர். மற்ற இரண்டு உறுப்பினர்களும் தங்கள் லெம்பரை மும்முரமாக உரித்துக்கொண்டிருந்தார்கள். டீன் ஹனிஃபின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

விடுரி பேனாவைத் தொடவில்லை. "அறிவியல், ஊடகம் ரெண்டும் தெரிஞ்ச ஆள் வேணும்னு நாமதானே பாக் விளம்பரம் குடுத்தோம்?"

டீன் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டும் தெரிஞ்சவங்கன்னுதான் போட்டோம் இபு. ரெண்டும் படிச்சவங்கன்னு போடலியே."